சதர்ன் டெத் கல்ட்: டிரம்மர் பக்கத்திலிருந்து கேட்டால்

தி கல்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றி எங்கே படித்தாலும் முதல் பத்தியில் சதர்ன் டெத் கல்ட் என்ற பெயர் வரும். இரண்டாம் பத்தியில் காணாமல் போய்விடும். பாடகர் இயன் ஆஸ்ட்பரி அங்கேதான் தொடங்கினார், பிறகு டெத் கல்ட், பிறகு தி கல்ட், பிறகு அமெரிக்கா, பெரிய அரங்கங்கள், ஹார்டு ராக். பாடகரின் பின்னாலேயே நடந்தால் முதல் குழு ஒரு முன்னுரையாகத்தான் தெரியும். அந்தப் பாடல்களை டிரம்ஸிலிருந்து கேட்டுப் பாருங்கள். அது முடிந்துபோன ஒரு தனிக் குழு, பின்னால் வந்தது வேறொரு குழு என்பது ஒரே பாட்டில் விளங்கிவிடும்.

குழுவின் ஆயுள் பதினாறு மாதம்கூட முழுதாக இல்லை. 1981 அக்டோபர் 29 அன்று பிராட்ஃபோர்டு குயின்ஸ் ஹாலில் முதல் மேடை. 1983 பிப்ரவரி 26 அன்று மான்செஸ்டரில் கடைசி மேடை. கிட்டார் 'பஸ்' பரோஸ், பேஸ் பேரி ஜெப்சன், டிரம்ஸ் ஆக்கி என்று அழைக்கப்பட்ட ஹக் நவாஸ் குரேஷி, பாட்டு ஆஸ்ட்பரி. குழு இருந்த காலத்தில் வெளிவந்தது ஒரே ஒரு சிங்கிள், 1982 டிசம்பரில். 'ஃபேட்மேன்', 'மோயா', 'தி கேர்ள்' என்று மூன்று பாடல்கள். அப்போது பாடகர் தாய்வழிப் பெயரான லிண்ட்சே என்பதை வைத்திருந்தார். பழைய பத்திரிகைத் துணுக்குகளைத் தேடுபவர்கள் 'இயன் லிண்ட்சே' என்றும் தேட வேண்டும், இல்லாவிட்டால் பாதி கிடைக்காது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். பிராட்ஃபோர்டு வடக்கு இங்கிலாந்தின் கம்பளி ஊர். 1960களில் மில்களின் இரவு ஷிப்டுக்கு ஆள் பற்றாக்குறை வந்தபோது பாகிஸ்தானிலிருந்து, குறிப்பாக மீர்பூர் பகுதியிலிருந்து, ஏராளமானோர் வந்து சேர்ந்தார்கள். அங்கே மங்ளா அணை கட்டியதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிலம் இழந்திருந்தார்கள். எண்பதுகள் தொடங்கும்போது மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு முந்தைய கோடையில், நாஜிச் சார்புக் கும்பல் ஊருக்குள் வரப்போகிறது என்ற செய்தி கேட்டுத் தற்காப்புக்குப் பெட்ரோல் குண்டு தயாரித்த ஆசிய இளைஞர்கள் பன்னிரண்டு பேர் கைதானார்கள். 'பிராட்ஃபோர்டு 12' என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் 1982 ஜூனில் அத்தனை பேரும் விடுதலை. இதே ஊரில், இதே மாதங்களில்தான் பாகிஸ்தான் வம்சாவளி டிரம்மர் ஒருவரோடு இந்தக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. கோத் இசை, அதாவது பங்க்கிலிருந்து கிளைத்த இருண்ட ராக், என்றால் வெளுத்த முகமும் லண்டன் சோஹோவும்தான் என்று நினைப்பவர்கள் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம். சோஹோவில் கோத் ரசிகர்கள் கூடும் பேட்கேவ் கிளப் திறந்தது 1982 ஜூலையில். அதற்குள் இவர்கள் ஒன்பது மாதமாக மேடையேறியிருந்தார்கள்.

அக்கம்பக்கம் வெறுமையாகவும் இல்லை. நியூ மாடல் ஆர்மி குழு அதே ஊர், 1980இலிருந்து. கீத்லியில் ஸ்கெலிடல் ஃபேமிலி. சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி லீட்ஸில் எஃப் கிளப் என்ற இசைக் கூடம், சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி, மார்ச் வயலட்ஸ் என்ற குழுக்கள். பிராட்ஃபோர்டிலேயே '1 இன் 12 கிளப்' 1981இல் தொடங்கியது. உதவித்தொகை வாங்குவோரில் பன்னிரண்டில் ஒருவர் அரசை ஏமாற்றுகிறார் என்று ஓர் அரசு அறிக்கை சொல்ல, வேலையில்லாதோர் சங்கத்தினர் அந்த வசவையே பெயராக வைத்துக்கொண்டார்கள். சொந்தக் கட்டடம் கிடைப்பதற்கு முன்னால் பப் அறைகளில்தான் இசை நிகழ்ச்சிகள் நடத்தினார்கள்.

லீட்ஸுக்கும் பிராட்ஃபோர்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு இங்கே முக்கியம். சிஸ்டர்ஸும் வயலட்ஸும் டிரம் மெஷின் வைத்து வாசித்தவர்கள். சம்பளம் கேட்காது, வேனில் இடம் பிடிக்காது, தாளம் பிசகாது. அந்த இயந்திரத் தாளம்தான் லீட்ஸ் ஒலியின் முதுகெலும்பு. சதர்ன் டெத் கல்ட் எதிர்த் திசையில் போனது. மனிதக் கை, தோல், டாம்கள் எனப்படும் கனத்த ஒலி டிரம்கள்.

ராக் டிரம்ஸில் வழக்கமாக நேரத்தைச் சுமப்பது ஹை-ஹேட், காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பல். வலது கை அதில் எட்டு அடியை ஓட்டிக்கொண்டே இருக்கும், காலால் அடிக்கும் கிக் டிரம்மும் அடியில் கம்பி கட்டிய ஸ்னேர் டிரம்மும் அதன்மேல் உட்காரும். பிரிட்டிஷ் பங்க்கிலிருந்து பிரிந்து வந்த பல குழுக்கள், சூக்ஸி அண்டு த பேன்ஷீஸ் தொடங்கி, ஹை-ஹேட்டைப் பின்னுக்குத் தள்ளி அந்த ஓட்டத்தை டாம்களுக்கு மாற்றின. ஆக்கியின் வாசிப்பு இந்த வழியில் போனதுதான். இப்படி வாசிக்க விரும்புகிறவர்களுக்கு அதன் எலும்புக்கூட்டைத் தருகிறேன். குறிப்பிட்ட எந்தப் பாட்டின் நேரடிக் குறிப்பும் இல்லை இது, இந்த வகை வாசிப்பின் பொது அமைப்பு.

ஒரு பாரில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில், எட்டு அடி. வலது கை ஃப்ளோர் டாமில் (தரையில் நிற்கும் பெரிய டாம்) எட்டையும் விடாமல் அடிக்கும், ஆனால் அழுத்தம் 1, 4, 7இல் மட்டும். வாயால் சொன்னால் தகிட தகிட தக. நமக்கு இது பழகிய கணக்கு, அதனால் உட்கார வைப்பது எளிது. கிக் 1இலும் 5இலும். இடது கை 3இலும் 7இலும் ஸ்னேரில். இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். 7இல் டாமின் அழுத்தமும் ஸ்னேரும் சேர்ந்து விழுகின்றன. 3இல் ஸ்னேர் தனியாக விழுகிறது, 4இல் டாம் அதை முந்தப் பார்க்கிறது. 5இல் அழுத்தமே இல்லாத இடத்தில் கிக் மட்டும். இந்த இழுபறிதான் கேட்பவரை நகர வைக்கிறது. 140லிருந்து 150 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு, இரண்டு அடி ஒரு தட்டு) வரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் ஊர்வலம் ஆகிவிடும், 160க்கு மேலே போனால் அழுத்த வித்தியாசம் அழிந்து வெறும் உருட்டல் ஆகிவிடும்.

வித்தியாசம் அழிவதுதான் முதல் கோளாறு. புதிதாக வாசிப்பவர்கள் எட்டு அடியையும் ஒரே பலத்தில் அடிப்பார்கள். அழுத்தமில்லாத அடிக்குக் குச்சி தோலிலிருந்து 4 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. அழுத்த அடிக்கு 25 சென்டிமீட்டராவது எழும்ப வேண்டும். பலத்தைக் கையில் தேடாமல் உயரத்தில் தேடினால் பத்து நிமிடத்தில் முன்கை இறுகாது. இரண்டாவது கோளாறு வேகம் கூடுவது. ஹை-ஹேட்டின் கூர்மையான 'டிக்' போய்விட்டதால் காதுக்கு நேரத்தை அளக்கும் கோல் இல்லை. டாமின் ஒலி மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கும், அதை நம்பி வாசிக்கும்போது கை தன்னையறியாமல் முந்தும். மெட்ரோனோமைப் பாதி வேகத்துக்கு வைத்து, அதன் ஒலி 3இலும் 7இலும் விழுவதாக எண்ணிக்கொண்டு பழகினால் இந்த வியாதி குறையும். எல்லா அடிக்கும் கிளிக் வைத்துப் பழகுகிறவர்கள் கிளிக் நின்றதும் ஓடிவிடுவார்கள்.

ஸ்னேரின் அடியில் இருக்கும் கம்பிகளை லீவரைத் தள்ளி இறக்கிவிடுங்கள். அப்போது ஸ்னேர் இன்னொரு உயர் சுருதி டாம் ஆகிவிடும். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு ஃப்ளோர் டாம் அடிக்கும் கம்பிகள் அதிர்ந்து 'ஸ்ஸ்ர்' என்று ஒரு மணல் ஓசை நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். மேடையில் தெரியாது, ஒலிப்பதிவில் பளிச்சென்று தெரியும்.

டாம்களின் சுருதிக்கு வருவோம். சாதாரண செட் 12, 13, 16 அங்குலம். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் விளிம்பைச் சுற்றிக் கல்லால் தட்டி ஒவ்வொரு இடத்தையும் சமப்படுத்துவது போலத்தான் இதுவும். ஒவ்வொரு திருகுக்கும் நேராக, விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் உள்ளே தட்டிப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை எதிரெதிர்த் திருகுகளாகக் கால் சுற்று கால் சுற்றாக முறுக்க வேண்டும். ஒரு பக்கமாகவே முறுக்கிக்கொண்டு போனால் தோல் சாய்ந்து உட்காரும், பிறகு எதைச் செய்தாலும் சுருதி நடுங்கும். கீழ்த்தோல் மேல்தோலை விட ஓர் இழை கூடுதலாக இருந்தால் ஒலி விரைவில் அடங்கும். இந்த இசைக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் அடுத்த அடி 200 மில்லி நொடியில் வந்துவிடுகிறது. முந்தைய அடி அதற்குள் ஒதுங்கவில்லையென்றால் எல்லாம் கூழ். டாம்களுக்கு இடையே மத்திமம் அளவு இடைவெளி, அதாவது ச-ம தூரம், வைத்தால் ராகம்போல் ஒரு வரி தானாகக் கேட்கும். அரை சுருதி, ஒரு சுருதி தூரத்தில் வைத்தால் ஒரு டாமை அடிக்கும்போது பக்கத்து டாமும் சேர்ந்து முனகும்.

இரண்டு படலம் கொண்ட தோல் நல்லது. ஒரு படலத் தோல் மிக அழகாக நீண்டு ஒலிக்கும், அதுதான் சிக்கல்.

டிரம்ஸ் இப்படி அடித்தளம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பேஸ் கிட்டார் எங்கே போவது? 16 அங்குல ஃப்ளோர் டாமின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 70லிருந்து 100 ஹெர்ட்ஸ். பேஸின் கீழ்க் கம்பிகளும் அங்கேயேதான். இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் ஒன்றையொன்று மறைக்கும், அரங்கின் பி.ஏ. ஸ்பீக்கர் உறுமும், ஆனால் ஒரு சுரமும் தெளிவாகக் கேட்காது. அந்தக் கால பேஸ் வாசிப்பாளர்கள் மேலே ஏறிப் போனதற்கு ஒலி சார்ந்த நியாயம் இதுதான். டி கம்பியின் ஏழாவது ஃப்ரெட் 110 ஹெர்ட்ஸ், ஜி கம்பியின் பதினாலாவது 220 ஹெர்ட்ஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் பிக் வைத்து வாசித்தால் டாமுக்கு மேலே ஒரு மெட்டு தனியாக நிற்கும். பேரி ஜெப்சனின் பேஸைக் கேட்கும்போது அதைத் தாளக் கருவியாகக் கேட்காதீர்கள். கிட்டார் எதைச் சொல்லவில்லையோ அதைச் சொல்வது அதன் வேலை. மிக்சிங்கில் பேஸை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடத் தயங்க வேண்டாம். தனியாகக் கேட்டால் மெலிந்து போனதாகத் தோன்றும். டிரம்ஸோடு சேர்த்துக் கேளுங்கள், சரியாகிவிடும். டாமில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் அட்டைப்பெட்டி ஓசையை 4 டெசிபெல் குறைத்தால் அந்த இடத்தில் பேஸ் வந்து உட்காரும்.

கிட்டாரில் பவர் கார்டு, அதாவது இரண்டு மூன்று கம்பிகளை ஒன்றாக அடிக்கும் ஹார்டு ராக் முறை, வேண்டாம். ஒன்றிரண்டு கம்பிகளைத் திறந்து ஒலிக்க விட்டு, பக்கத்துக் கம்பியில் மெட்டை நகர்த்துவதுதான் இந்த வகை. திறந்த கம்பி தம்புரா வேலையைப் பார்க்கும். ஃபிளாஞ்சர், கோரஸ் என்ற எஃபெக்ட் பெட்டிகள் இரண்டும் ஒன்றுதான் என்று கடையில் சொல்வார்கள். இரண்டுமே ஒலியின் நகலைச் சற்றுத் தாமதப்படுத்தி அசலோடு சேர்ப்பவை என்ற அளவில் சரி. ஃபிளாஞ்சரில் தாமதம் ஏறத்தாழ 1 முதல் 10 மில்லி நொடி, நகல் திரும்பவும் உள்ளே ஊட்டப்படும், அதனால் உலோகக் குழாய்க்குள் இருந்து வருவது போன்ற சீறல். கோரஸில் 15 முதல் 30 மில்லி நொடி, திரும்ப ஊட்டுவது கிடையாது, இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிக்கும் தடிமன் மட்டும் கிடைக்கும். பாஸ் நிறுவனத்தின் சிஇ-2 கோரஸும் பிஎஃப்-2 ஃபிளாஞ்சரும் 1980 வாக்கில் கடைகளுக்கு வந்தவை. கையடக்கப் பெட்டிகளாக, விலையும் எட்டும்படி வந்ததால்தான் வடக்கு இங்கிலாந்தின் பப் மேடைகளில் எல்லாம் ஒரே நேரத்தில் இந்த ஒலி கிளம்பியது. ரசனை மாற்றம் என்று எழுதுகிறவர்கள் விலைப்பட்டியலையும் ஒருமுறை பார்க்கலாம்.

ஃபிளாஞ்சரின் அலை மெதுவாக இருக்கட்டும், ஒரு சுற்றுக்கு நான்கு நொடி. வேகமாக வைத்தால் டாம்களின் தாளத்தோடு மோதி வாந்தி வரும். ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் போடுவதாக இருந்தால் ஃபிளாஞ்சருக்கு முன்னால் போடுங்கள், அதன் கெயின் திருகு பாதிக்கும் கீழே. பின்னால் போட்டால் அலை முழுவதும் நசுங்கி இரைச்சல் ஆகிவிடும். சுரத்தைத் திரும்ப ஒலிக்க வைக்கும் டிலேவுக்குக் கணக்கு எளிது. 60,000ஐ பிபிஎம் எண்ணால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லி நொடியில் கிடைக்கும். 150க்கு 400. அதில் முக்கால், 300, வைத்தால் திரும்பி வரும் சுரம் தாளத்துக்கு இடையில் விழும். ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை திரும்பட்டும். ரிவெர்பை, அதாவது அறையின் எதிரொலிப்பை, அரங்கிலேயே விட்டுவிடுங்கள். செங்கல் சுவரும் உயரக் கூரையும் கொண்ட கூடத்தில் பெட்டியிலும் ரிவெர்ப் போட்டால் மூன்றாவது வரிசைக்கு அப்பால் எதுவும் புரியாது.

பப் மேடையில் இன்னொரு தலைவலி மைக். ஆறு சேனல் மிக்சரில் பாட்டுக்கு ஒன்று, கிக்குக்கு ஒன்று, மிச்சம் என்ன? இந்த இசையில் மேலிருந்து சிம்பல் மைக் வைப்பது வீண். ஃப்ளோர் டாமுக்கு ஒன்று, மற்ற இரண்டு டாம்களுக்கு நடுவில் ஒன்று. ஆனால் ஃப்ளோர் டாம் மைக்குக்கும் பேஸ் ஆம்புக்கும் இடையே ஒரு தகராறு எப்போதும் உண்டு. பேஸின் ஒரு சுரம் டாமின் சுருதியோடு ஒத்துப்போனால் டாம் தானாக அதிரும், மைக் அதை எடுக்கும், ஸ்பீக்கர் அதை வெளியே தள்ளும், டாம் இன்னும் அதிரும். சில நொடியில் கூடம் முழுக்க ஊளை. ஒலிப் பொறியாளர் பொதுவாகப் பேஸைக் குறைப்பார். பேஸில் கை வைக்க வேண்டாம். டாமை அரை சுருதி இறக்கினால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் பேஸ் ஆம்பை டிரம்ஸின் எதிர்ப்பக்கம் தூக்கி வையுங்கள்.

இசைத்தட்டுக்கு வரும்போது டாம் வேறொரு வகையில் படுத்தும். வினைலில் இடம் வலம் ஒலிகளுக்கு இடையிலான வித்தியாசம் ஊசியின் மேல் கீழ் அசைவாகப் பதிகிறது. கனமான டாம்களை முழுக்க இடமும் வலமுமாகப் பிரித்து மிக்ஸ் செய்தால் ஊசி ஒவ்வொரு அடிக்கும் எழும்பும், வீட்டு ரெக்கார்டு பிளேயரில் தாவிவிடும். அதனால் தட்டு வெட்டுகிறவர் சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மோனோ ஆக்கிவிடுவார். அவர் ஆக்குவதற்கு முன்னால் நாமே மிக்சில் ஃப்ளோர் டாமை நடுவில் வைத்துவிட்டால் முடிவு நம் கையில் இருக்கும். தாழ்ந்த ஒலி அதிகமானால் பள்ளத்தின் அலைவும் அகலமாகும், ஒரு பக்கத்தில் அடங்கும் நிமிடங்கள் குறையும். இப்படிப்பட்ட பாடல்கள் 45 ஆர்பிஎம் ஓடும் 12 அங்குலத் தட்டுகளில் நன்றாகக் கேட்பதற்குக் காரணம் அங்கே பள்ளங்களுக்கு நடுவில் இடம் தாராளம் என்பதுதான்.

சிங்கிளை வெளியிட்டது சிச்சுவேஷன் டூ என்ற லேபிள். இது பெக்கர்ஸ் பேங்க்வெட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கிளை. ஏன் கிளை வேண்டியிருந்தது? 1980 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் இண்டி (சுயேச்சை) தரவரிசை என்று தனியாக ஒன்று வெளிவந்தது. லேபிள் யாருடையது என்பது அங்கே பொருட்டில்லை. விநியோகம் பெரிய நிறுவனங்களின் கை படாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. பெக்கர்ஸ் பேங்க்வெட் விநியோகம் வார்னர் குழுமத்தின் வழியாகப் போனதால் அந்தப் பட்டியலில் நுழைய முடியாது. சிச்சுவேஷன் டூ தட்டுகள் கார்ட்டெல் எனப்பட்ட சுயேச்சை விநியோகஸ்தர் கூட்டமைப்பு போன்ற வழிகளில் போயின. யார்க்கின் ரெட் ரைனோ, லிவர்பூலின் புரோப், பிரிஸ்டலின் ரிவால்வர், லண்டனின் ரஃப் டிரேட் என்று ஊருக்கு ஒரு கடை. யார்க்‌ஷயர் குழு ஒன்றின் தட்டு யார்க்‌ஷயர் கடைகளுக்குப் போகும் வழி ரெட் ரைனோ. பட்டியலில் இடம், அதனால் பத்திரிகையில் எழுத்து, அதனால் வெளியூர் மேடை. பணமில்லாத குழுக்களுக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடையாது.

பெயரிலும் இந்த வடக்கு தெற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கில், அலபாமாவின் மவுண்ட்வில், ஜார்ஜியாவின் எடோவா, ஓக்லஹோமாவின் ஸ்பைரோ போன்ற மேட்டுக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 1200இலிருந்து இருந்த சடங்குக் கலை மரபுக்குத் தொல்லியலாளர்கள் வைத்த பழைய பெயர் சதர்ன் டெத் கல்ட். குழு அதை எடுத்துக்கொண்டது, கூடவே இசைத் தொழில் முழுவதையும் கையில் வைத்திருந்த தெற்கு இங்கிலாந்தின் மீது ஒரு குத்தலாகவும் வைத்தது. சிறுவயதில் கனடாவின் ஹாமில்டனில் வளர்ந்த ஆஸ்ட்பரிக்கு அங்குள்ள பூர்வகுடிப் பண்பாட்டில் ஈடுபாடு உண்டு. 'மோயா' அந்த ஈடுபாட்டில் பிறந்த பாட்டு. ஆனால் இறகும் மணியும் தரித்து மேடையேறியதை இன்று பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதே மேடையில் பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருந்தவருக்கு இனம் என்பது உடையாக இல்லை, பிராட்ஃபோர்டுத் தெருவில் தினம் எதிர்கொள்ளும் விஷயமாக இருந்தது. பத்திரிகைகள் டாம் வாசிப்பைப் 'பழங்குடித் தாளம்' என்று எழுதித் தள்ளின. மேலே கொடுத்த 3+3+2 கணக்கு கரீபியத்திலும் இருக்கிறது, மேற்கு ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. பெயரில்லாத காட்டுக்கு அதை ஒதுக்குவது சோம்பேறி எழுத்து.

1982இன் இலையுதிர் காலத்தில் பௌஹவுஸ் குழுவோடு சுற்றுப்பயணம். தியேட்டர் ஆஃப் ஹேட் என்ற குழுவோடும் சுற்றினார்கள். அதே ஆண்டில் பிபிசி வானொலியில் தொகுப்பாளர் ஜான் பீலின் நிகழ்ச்சிக்கான பதிவு. அந்தப் பதிவுகளின் நடைமுறை தெரிந்தால் அந்த ஒலி ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். பொதுவாக மைடா வேல் ஸ்டுடியோவில் ஒரே நாள், நான்கு பாட்டு, பதிவும் மிக்சிங்கும் இரவுக்குள் முடிய வேண்டும். டிரம்ஸும் பேஸும் கிட்டாரும் சேர்ந்து நேரடியாக வாசித்துவிட்டு, பாட்டையும் ஒன்றிரண்டு மேற்பூச்சையும் பிறகு சேர்ப்பது. டாம்களுக்கு ஒவ்வொன்றாக ஒலி தேட நேரம் இருக்காது. அதனால் அறையின் ஒலி உள்ளே வரும், சிறு பிசகுகள் நிற்கும். இந்தக் குழுவுக்கு அது பொருத்தமாகவே அமைந்தது.

1983 பிப்ரவரியில் என்எம்இ பத்திரிகை 'பாசிட்டிவ் பங்க்' என்று ஒரு புது அலைக்குப் பெயர் சூட்டி நீண்ட கட்டுரை வெளியிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் குழு கலைந்தது. ஆஸ்ட்பரி விலகினார். ஏப்ரலில் தியேட்டர் ஆஃப் ஹேட்டிலிருந்து வந்த பில்லி டஃபியோடு டெத் கல்ட்டைத் தொடங்கினார், 1984 ஜனவரியில் 'டெத்' என்ற சொல்லும் உதிர்ந்தது. மற்ற மூவரும் கெட்டிங் த ஃபியர் என்று ஒரு குழு அமைத்துப் பெரிய லேபிள் ஒப்பந்தமும் பெற்றார்கள். ஒரு சிங்கிளோடு அது முடிந்தது.

கலைந்த பிறகு 1983இல் குழுவின் பெயரிலேயே ஓர் ஆல்பம் வந்தது. வாங்குகிறவர்கள் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது நல்லது. அது ஆல்பமாகத் திட்டமிட்டுப் பதிந்ததில்லை. சிங்கிள், வானொலிப் பதிவுகள், மேடைப் பதிவு எல்லாம் ஒட்டிய துணி. மேடைப் பதிவுகளில் ஒன்று கூட்டத்தில் நின்ற ரசிகர் டேப் ரெக்கார்டரில் எடுத்தது. அந்தக் காலக் கையடக்க ரெக்கார்டர்களில் பெரும்பாலும் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் சுற்று இருக்கும். ஃப்ளோர் டாம் விழுந்ததும் அது மொத்த அளவையும் கீழே இழுக்கும், பாட்டு அமுங்கும், அரை நொடியில் திரும்ப மேலே வரும். இந்த மூச்சிரைப்பைத் தட்டின் கோளாறு என்று நினைத்து வேறு பிரதி தேடி அலைய வேண்டாம். எல்லாப் பாடல்களையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்கவும் வேண்டாம். பாட்டுக்குப் பாட்டு வால்யூமை மாற்ற வேண்டியிருக்கும்.

ஆக்கி பின்னால் ஆக்கி நவாஸ் என்ற பெயரில் 1988இல் நேஷன் ரெக்கார்ட்ஸ் லேபிளைக் கூட்டாகத் தொடங்கினார். 1991இல் ஃபன்-டா-மென்டல் குழு. டிரான்ஸ்குளோபல் அண்டர்கிரவுண்ட், ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் போன்றவர்களின் தட்டுகள் அந்த லேபிளில் வந்தன. பிரிட்டிஷ் ஆசிய இசை வரலாற்றில் அவர் பெயர் முதல் வரிசை. கோத் வரலாற்றில் அடிக்குறிப்பு. இரண்டு வரலாற்றையும் எழுதுகிறவர்கள் ஒருவர் புத்தகத்தை ஒருவர் படிப்பதில்லை போலிருக்கிறது.

டிரம்மர் மாறியதால் என்ன மாறியது என்பதைக் காதால் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சதர்ன் டெத் கல்ட்டின் 'ஃபிளவர்ஸ் இன் த ஃபாரஸ்ட்' பாட்டைத்தான் தி கல்ட் 1984இல் 'டிரீம்டைம்' ஆல்பத்தில் 'எ ஃபிளவர் இன் த டெசர்ட்' என்று மாற்றிப் போட்டது. அங்கே டிரம்ஸ் நைஜல் பிரெஸ்டன். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள், நல்ல ஹெட்ஃபோனில். முதல் தடவை பாட்டைக் கேட்டுவிடுவோம், அது இயல்பு. இரண்டாம் தடவை பாடகரை விட்டுவிட்டு ஃப்ளோர் டாமை மட்டும் பின்தொடருங்கள், சிம்பல் எங்கே நுழைகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். மூன்றாம் தடவை பேஸை.